ஆத்துமூலைத் தோட்டத்து மங்குஸ்தான் பானை

மங்குஸ்தான் பழத்தைக் கையில் எடுத்தால் முதலில் அடியைத் திருப்பிப் பார்க்க வேண்டும். அங்கே பூப்போல ஒரு முத்திரை இருக்கும். அதில் ஆறு இதழ் இருந்தால் உள்ளே ஆறு சுளை, ஏழு இருந்தால் ஏழு. பிரிக்காமலே சொல்லிவிடலாம். மலாயாவில் சிகாமட் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில் கப்பலிலிருந்து புதிதாக இறங்கி வந்தவனை இதை வைத்துத்தான் பந்தயத்தில் கவிழ்ப்பார்கள்.

"வயித்துக்குள்ள இருக்கறதை வெளிய எழுதி வச்சிருக்கிற சாதி இது ஒண்ணுதான்" என்பாள் ராசம்மா. "மனுசனும் இப்படிப் பொறந்திருந்தா டிரசர் மூர்த்தி ஒரு நாள் வேலை பார்த்திருக்க முடியாது."

பள்ளிக்கூடத்தில் பெஞ்சு தேயப் படித்தவர்கள் ராஜாக்களைப் பற்றி எழுதட்டும். ராசம்மாவைப் பற்றி எழுத, பெரட்டுக்களத்துப் புழுதியில் விடியற்காலையில் வரிசையில் நின்று பேர் கொடுத்த ஆள்தான் வேண்டும். சிகாமட்டைச் சுற்றி எத்தனையோ தோட்டம் உண்டு, எத்தனையோ சண்டை உண்டு. ஒரு பானையை வைத்துக்கொண்டு ஐந்து வருஷம் காத்திருந்து ஒரு டிரசரைக் கவிழ்த்தவள் அவள் ஒருத்திதான். இதை யார் மறுத்துச் சொன்னாலும் அவர்களுக்கு விஷயம் தெரியாது என்று அர்த்தம்.

தோட்டத்துக்குக் காகிதத்தில் ஏதோ வெள்ளைக்காரப் பெயர். அது யார் வாயிலும் நுழையவில்லை. ஆறு வளைந்து திரும்பும் இடத்தில் இருந்ததால் நம் ஆட்கள் ஆத்துமூலை என்று வைத்துவிட்டார்கள். ராசம்மாவும் புருஷன் ஐயாசாமியும் அங்கே வந்தது 1917-இல். அவள் மரம் சீவினாள், அவன் புல்வெட்டுக் கும்பலில் இருந்தான். வந்த மூன்றாம் மாதமே ராசம்மாவுக்குச் சீதபேதி கண்டது. அப்போது தோட்டத்தில் ஆஸ்பத்திரி கட்டி முடியவில்லை. ஆற்றுக்கு அக்கரையில் இருந்த மலாய்க்காரர் குடியிருப்பான கம்பத்திலிருந்து வெற்றிலை விற்க வரும் மாக் லேலா என்ற அம்மாள்தான் கூலிகள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்துக்குள் புகுந்து அவளைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, தன் கூடையில் கிடந்த காய்ந்த மங்குஸ்தான் தோலை எடுத்து இடித்தாள். ராசம்மா நான்காம் நாள் எழுந்து உட்கார்ந்து பழைய சோறு கேட்டாள்.

அன்றிலிருந்து அந்தத் தோல்தான் அவளுக்கு வித்தை. பருவத்தில் லயத்து ஆட்கள் சுளையைத் தின்றுவிட்டுத் தோலை எறிவார்கள். இவள் பின்னாலேயே பொறுக்குவாள். பச்சைத் தோலில் மஞ்சள் பிசின் இருக்கும், சாறு துணியில் பட்டால் துணி கிழிந்தாலும் கறை போகாது. அதனால் கீற்றுத் தட்டியில் பரப்பி, தேங்காய் ஓடு மாதிரி ஆகும்வரை வெயிலில் காய வைப்பாள். பிறகு அடுப்புக்கு மேலே புகையில் தொங்கவிடுவாள். ஒரு கைப்பிடித் தூளுக்கு நாலு கொட்டாங்கச்சி தண்ணீர். அது இரண்டாக வற்ற வேண்டும். நாக்கில் ஒரு சொட்டு வைத்தால் நாக்கைப் பிடித்து உள்ளே இழுக்கிற துவர்ப்பு இருக்க வேண்டும், அப்போதுதான் பதம். பெரியவர்களுக்கு அரைக் கொட்டாங்கச்சி, மூன்று வேளை. பிள்ளைகளுக்கு ஒரு பாலாடை. நடுநடுவே உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீர், உடம்பு வற்றாமல் இருக்க. மூன்று நாளுக்கு மேல் கொடுக்க மாட்டாள்.

"அதுக்கு மேல குடிச்சா வயித்தைப் பூட்டிச் சாவியைத் தொலைச்ச மாதிரிதான்" என்பாள்.

வாய்ப்புண்ணுக்கு அதே தண்ணீரில் கொப்பளிக்கச் சொல்லுவாள். அட்டை கடித்துச் சீழ் வைத்த காலை அதிலேயே கழுவுவாள். நாலு வருஷத்தில் லயத்தில் அவள் கைத் தண்ணீர் குடிக்காத வீடு இல்லை.

அதற்குள் ஆஸ்பத்திரியும் வந்தது, டாக்டர் இல்லாத நாளில் மருந்து கொடுத்து அதை நடத்த டிரசர் மூர்த்தியும் வந்தார். வெள்ளைக் கால்சட்டை, வெள்ளைக் கோட்டு. கஞ்சி போட்ட மொடமொடப்பில் கோட்டைக் கழற்றி வைத்தால் அது தானாகவே நிற்கும் என்று சொல்லிச் சிரிப்பார்கள். சனங்கள் தன்னிடம் வராமல் தோல் தண்ணீருக்குப் போவது அவருக்கு வயிற்றெரிச்சல். துரையிடம் சொல்லி ஒரு சட்டம் வாங்கினார்: காய்ச்சல், பேதி எதுவானாலும் நேரே ஆஸ்பத்திரிதான், லயத்தில் வைத்துப் பார்த்தால் அந்த வீட்டுக்கே வேலை இல்லை.

1921-ஆம் வருஷம் ஆகஸ்டு மாசம் ஐயாசாமிக்குப் பேதி கண்டது. புல்வெட்டிக்கொண்டிருந்தவன் சுருண்டு விழுந்தான். கங்காணி வேலு அவனைக் காட்டிலிருந்தே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகச் சொல்லிவிட்டார். ராசம்மாவுக்குச் சேதி வந்தபோது பகல். ஓடிப்போய்த் தூளைக் கொதிக்க வைத்து, மண்பானையில் கழுத்துவரை ஊற்றி, இலையால் மூடித் தூக்கிக்கொண்டு போனாள்.

ஆஸ்பத்திரிப் படியிலேயே மூர்த்தி மறித்தார்.

"என்ன பானை?"

"மங்குஸ்தான் தோல் தண்ணிங்க ஐயா. எங்க வூட்டுக்காரருக்கு..."

"இது ஆஸ்பத்திரி. உன் கம்பத்துக் கிழவி கொட்டகை இல்ல. பானையும் உள்ள வரக் கூடாது, நீயும் உள்ள வரக் கூடாது."

"ஒரு மடக்குங்க ஐயா. நீங்களே கையால குடுங்க."

"போறியா, துரைகிட்ட சொல்லவா?"

மறுநாளும் போனாள், அதற்கு மறுநாளும் போனாள். தினம் புதுத் தண்ணீர், கழுத்துவரை. தினம் அப்படியே திரும்பக் கொண்டுவந்து சாக்கடையில் ஊற்றினாள். ஐந்தாம் நாள் மூர்த்தி ஒரு கல்யாணத்துக்கென்று ரயிலேறி சிகாமட் போய்விட்டார். மருந்து அலமாரிச் சாவி அவர் பையில். உள்ளே யாரையும் விடக் கூடாது என்று ஆஸ்பத்திரி ஆள் தங்கராஜுவிடம் உத்தரவு. இரண்டு நாள் ஐயாசாமி வெறும் தண்ணீரில் கிடந்தான். ஏழாம் நாள் காலையில் ராசம்மா பானையோடு வந்தபோது தங்கராஜு படியில் உட்கார்ந்து தலையைத் தொங்கப் போட்டிருந்தான். அவன் வாயைத் திறப்பதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது. பானையைப் படியில் வைத்துவிட்டு உள்ளே ஓடினாள். அன்றைக்கு அவளைத் தடுக்க யாரும் இல்லை.

மத்தியானம் மூர்த்தி வந்து சேர்ந்தார். அதே நாள் மாலை, மாசத்துக்கு ஒரு தடவை சுற்றி வரும் வெள்ளைக்கார டாக்டர் துரையோடு வந்தார். ஆள் எப்படிச் செத்தான், நீ எங்கே இருந்தாய் என்று கேட்டால் மூர்த்தி என்ன சொல்வார்? படியிலிருந்த பானையைத் தூக்கிக் கட்டிலுக்கு அடியில் வைத்தார். "பொண்டாட்டி திருட்டுத்தனமா ஏதோ தோலைக் காய்ச்சிக் குடுத்திருக்கா" என்றார். டாக்டர் தலையை ஆட்டி எழுதிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் விடியற்காலைப் பெரட்டில் முன்னூறு பேர் வரிசையில் நின்றார்கள். புருஷனைப் புதைத்த ஈரம் காயாத ராசம்மாவும் நின்றாள். மூர்த்தி பானையைக் கையில் தூக்கிப் பிடித்தார்.

"எல்லாரும் பார்த்துக்குங்க. இந்தப் பொம்பளை இதைக் குடுத்துத்தான் புருசனைக் கொன்னா. இனிமே எவ வீட்டுல இந்தத் தோல் இருந்தாலும் அன்னிக்கே பேரு வெட்டு!"

சொல்லிவிட்டுப் பானையைத் தரையில் அடித்தார். உள்ளே இருந்த தண்ணீர் நாலா பக்கமும் தெறித்தது. முன்னால் நின்ற வேலு கங்காணியின் புது வேட்டி முழங்கால்வரை நனைந்தது.

"ஐயா, பானை நிறைய இருந்துச்சே!" என்று ராசம்மா கத்தினாள். "குடிச்சிருந்தா குறைஞ்சிருக்கணுமே! கழுத்துவரைக்கும் இருந்துச்சே, யாரும் பாக்கலியா?"

யாரும் பார்க்கவில்லை. வேலு தன் வேட்டியைத்தான் பார்த்தார். "அலமாக், புது வேட்டி போச்சே" என்று அவர் முனகியதைக் கேட்டு யாரோ சிரித்தார்கள். அன்று மாலை தண்ணீர்க் குழாயடியில் கிருஷ்ணம்மா என்ற பக்கத்து லயத்துக்காரி ஒரு பெயர் வைத்தாள்: 'தோல்காரி'. ராசம்மா குடத்தோடு வந்தால், "வழி விடுங்கடி, தோல்காரி வர்றா, பக்கத்துல நின்னா தாலி அறுந்துடும்" என்பாள். இத்தனைக்கும் இரண்டு வருஷம் முன்பு அவள் மாமியார் பிழைத்தது அந்தத் தண்ணீரில்தான்.

தம்பி சின்னத்தம்பி சிங்கப்பூரிலிருந்து வந்து கூப்பிட்டான். "துறைமுகத்துல வேலை இருக்கு, வீடு இருக்கு, வா அக்கா" என்றான்.

"வரமாட்டேன்டா. அந்த ஆளு எந்த எடத்துல நின்னு என்னைக் கொலைகாரின்னு சொன்னானோ, அதே எடத்துல, அதே முன்னூறு பேரு முன்னால நின்னு, பானை நிறைய இருந்துச்சுன்னு சொல்லணும். அது என் காதுல விழுற வரைக்கும் நான் இந்தத் தோட்டத்தைவிட்டு அசையமாட்டேன்."

"சொல்லலைன்னா?"

"சொல்லுவான். வயிறுன்னு ஒண்ணு அவனுக்கும் இருக்கில்ல?"

தோலைக் காய வைப்பதையும் அவள் நிறுத்தவில்லை. அக்கரையில் மாக் லேலா வீட்டுப் பரணுக்கு இடம் மாற்றினாள், அவ்வளவுதான். வருஷா வருஷம் ஐயாசாமி செத்த நாளில் விடியுமுன்னே ஆஸ்பத்திரிப் படியில் ஏழு காய்ந்த தோல் வரிசையாக இருக்கும். கட்டிலில் கிடந்த ஏழு நாளுக்கு ஏழு. மூர்த்தி அதைப் பளபளக்கும் சப்பாத்துக் காலால் உதைத்துத் தள்ளுவார். யார் வைத்தது என்று எல்லோருக்கும் தெரியும். வைத்ததைப் பார்த்தவர் என்று ஒருவரும் இல்லை. நாலாவது வருஷம் அவர் உதைக்கவில்லை, சுற்றிக்கொண்டு பின்வாசல் வழியாகப் போனார். அன்றைக்கு ராசம்மா நாலு நிரை மரத்தையும் பாட்டுப் பாடிக்கொண்டே சீவினாள்.

1926 கடைசியில் வந்தது பெரிய வெள்ளம். ஆறு மேட்டு லயத்தின் வாசல்வரை வந்தது. ரயில் பாதை முங்கிப் போனது, சிகாமட்டிலிருந்து மருந்துப் பெட்டி வர வழியில்லை. கிணற்றுத் தண்ணீரும் கக்கூஸ் தண்ணீரும் ஒன்றாகப் போயின. நாலே நாளில் வீட்டுக்கு ஒருவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தார்கள். ஆஸ்பத்திரியில் கட்டில் இல்லாமல் தரையில் படுத்தார்கள். மூர்த்தியின் புட்டிகள் காலி. விளக்கெண்ணெய்தான் மிச்சம். பேதிக்காரனுக்கு விளக்கெண்ணெயைக் கொடுத்து என்ன செய்ய? முதலில் இரண்டு பேர் செத்தார்கள்.

ராசம்மா படகு பிடித்து அக்கரைக்குப் போய், பரணில் இருந்த ஐந்து வருஷத்துத் தோலையும் சாக்கில் கட்டிக்கொண்டு வந்தாள். வீட்டுப் பின்வாசலில் பெரிய பானை ஏறியது. பேரு வெட்டும் சட்டம் அப்படியேதான் இருந்தது. ஆனால் வயிற்றுக் கடுப்பு சட்டத்தைக் கேட்குமா? ஒருவர் பின் ஒருவராகப் பின்வாசலுக்கு வந்தார்கள். அவள் யாரையும் திருப்பி அனுப்பவில்லை. ஊற்றுவதற்கு முன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"ஐயாசாமி பானையில எவ்வளவு இருந்துச்சு?"

முதலில் வந்தவர்கள் விழித்தார்கள். பிறகு வரிசையிலேயே சொல்லிக் கொடுத்துக்கொண்டார்கள். "நிறைய இருந்துச்சு அக்கா" என்று சொன்ன பிறகுதான் கொட்டாங்கச்சி நீளும். தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும் என்றும் அடித்துச் சொல்லி அனுப்புவாள்.

கிருஷ்ணம்மாவும் வந்தாள். தோளில் அவள் மகள், கண் உள்ளே போய், வாடிய கீரைத்தண்டு மாதிரி.

"ராசம்மா... என் புள்ள..."

"யாரு ராசம்மா? எனக்கு வேற பேரு வச்சிருக்கியே, அதைச் சொல்லிக் கூப்பிடு."

"என் வாயில புத்து வைக்கட்டும் அக்கா. புள்ளையைப் பாரு."

பிள்ளையை முதலில் மடியில் வாங்கி ஒரு பாலாடை புகட்டினாள். அது முகத்தைச் சுளித்து விழுங்கியது. பிறகுதான் தலையை நிமிர்த்தினாள்.

"இப்ப சொல்லு. எவ்வளவு இருந்துச்சு?"

"நிறைய இருந்துச்சு."

"குழாயடியில நின்னு பேசுவியே, அந்தச் சத்தத்துல சொல்லுடி."

"நிறைய இருந்துச்சு! கழுத்துவரைக்கும் இருந்துச்சு!" கிருஷ்ணம்மா அழுதுகொண்டே கத்தினாள். இரண்டு லயத்துக்கும் கேட்டது.

அதற்கு மறுநாள் மத்தியானம் ஆஸ்பத்திரி ஆள் தங்கராஜு வந்தான். தலையில் துண்டு, பார்வை தரையில்.

"அக்கா, நிறைய இருந்துச்சுக்கா."

"கேக்கறதுக்கு முன்னாலயே சொல்றியே, கெட்டிக்காரன். யாருக்கு மருந்து?"

"எங்கம்மாவுக்கு."

"உங்கம்மா மாயவரத்துல இல்ல இருக்கு? பேதி கப்பலேறியா போச்சு?"

தங்கராஜு துண்டை இழுத்து நெற்றியை மூடிக்கொண்டான். காது மட்டும் சிவந்தது. டிரசர் மூன்று நாளாக வெளியே வரவில்லை என்பது தோட்டத்துக்கே தெரியும்.

ராசம்மாவின் கை ஒரு நிமிஷம் சாக்கின் மேல் நின்றது. இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஏழு நாள் அவள் படியில் நின்றது போல அந்த ஆளும் கிடக்கட்டும். ஆனால் செத்துப்போனால் அந்த வாய் எப்படிப் பேசும்? அந்த வாயிலிருந்து வரவேண்டியது ஒன்று பாக்கி இருக்கிறதே! இத்தனை வருஷம் சாகவிடாமல் தன் கோபத்தைக் காப்பாற்றி வைத்தவள், இன்றைக்கு அவனைச் சாகவிடுவாளா?

காய்ந்த தூளை மூன்று நாளுக்கு அளந்து பொட்டலம் கட்டினாள். மருந்தில் அவள் குறை வைக்கவில்லை. அதற்கு மேல், அந்த மாசத்துப் பின்காய்ப்பில் அன்று காலைதான் உடைத்த பழங்களின் பச்சைத் தோல் ஒரு கூடை எடுத்து வைத்தாள், கருஞ்சிவப்பாய், சாறு சொட்டச் சொட்ட.

"தூளைக் காய்ச்சு. எறக்கி வச்சதும் இந்தப் பச்சைத் தோலை அதுல பிழியணும். யாரு குடிக்கிறாங்களோ அவங்க கையாலதான் பிழியணும். வேற ஆளு தொட்டா கேக்காது. மூணு நாளும் பிழியணும், புரியுதா? உங்கம்மாகிட்ட மறக்காமச் சொல்லு."

"சொல்றேன்க்கா."

தூளே போதும் என்பது ராசம்மாவுக்குத் தெரியும். பச்சைத் தோல் வயிற்றுக்கு அல்ல.

வெள்ளம் வடிந்து பத்தாம் நாள், வெள்ளைக்கார டாக்டர் படகில் வந்து சேர்ந்தார். அக்கம்பக்கத்துத் தோட்டங்களில் இருபது, முப்பது என்று புதைத்திருந்தார்கள். ஆத்துமூலையில் முதல் இரண்டு பேரோடு நின்றுவிட்டது. டாக்டருக்கு ஆச்சரியம். மறுநாள் விடியற்காலைப் பெரட்டுக்குத் துரையும் டாக்டரும் வந்து நின்றார்கள். மூர்த்தியும் வந்தார். மெலிந்திருந்தார், ஆனால் நடை பழைய நடைதான். உடுப்புத்தான் புதுசு. வெள்ளைக்கோட்டு மூர்த்தி அன்றைக்குக் கறுப்புக் கோட்டு போட்டிருந்தார். இரண்டு கையும் கோட்டுப் பைக்குள்.

டாக்டர் ஏதோ கேட்டார், மூர்த்தி இங்கிலீஷில் பதில் சொன்னார். துரைக்குத் தோட்டத் தமிழ் தெரியும். அதைத் தமிழில் கொட்டினார்: "டிரசர் நல்ல வேலை செய்றான். டிரசர் மருந்து குடுத்து எல்லாரையும் காப்பாத்துறான். நீங்க எல்லாம் சலாம் சொல்லணும்."

ஒருவரும் சலாம் சொல்லவில்லை. பெண்கள் வரிசையிலிருந்து ராசம்மா வெளியே வந்தாள். பெரட்டில் வரிசையைவிட்டு நகர்ந்தால் அன்றைய பேரு போச்சு, கூலியும் போச்சு. அவள் கையில் இருந்தது பேரு மட்டுமல்ல, வேலையே போகக்கூடிய சாமான்: இலை மூடிய மண்பானை. நேரே நடந்துபோய், ஐந்து வருஷம் முன்பு பானை உடைந்த அதே இடத்தில் அதை வைத்தாள்.

"தொரை, டிரசரய்யா கையை வெளிய எடுக்கச் சொல்லுங்க."

"என்னா பேசுற நீ?"

"கை குளுருதான்னு கேளுங்க. நமக்கெல்லாம் வேர்க்குது, அவருக்கு மட்டும் பைக்குள்ள கை."

துரை சிரித்துவிட்டு மூர்த்தியைப் பார்த்தார். மூர்த்தி எடுக்கவில்லை. டாக்டர் புருவத்தைத் தூக்கி ஏதோ சொன்னார். மெதுவாக இரண்டு கையும் வெளியே வந்தன. மணிக்கட்டுவரை கறுப்பும் செம்பழுப்புமாய், நகக்கண் மை அடைத்தது போல. மங்குஸ்தான் பிழிந்த கை எப்படி இருக்கும் என்று அங்கே நின்ற முன்னூறு பேருக்கும் தெரியும். சிரிப்பு ஒரு ஓரத்தில் தொடங்கி மறு ஓரம்வரை போயிற்று.

"வெள்ளைக் கோட்டு எங்கங்க ஐயா? வெளுக்கப் போட்டிருக்கா? எத்தனை தடவை போட்டீங்க?" என்று கிருஷ்ணம்மா பின்னாலிருந்து கேட்டாள். நாக்கை வேண்டிய பக்கம் திருப்பிக்கொள்வதில் அவளுக்கு நிகர் அவள்தான்.

மூர்த்தி பல்லைக் கடித்துக்கொண்டு ராசம்மாவிடம் குனிந்தார். "வேணும்னே செஞ்சியா?"

"மருந்து கேட்டுச்சா இல்லையா, அதைச் சொல்லுங்க. இப்ப இதுல எவ்வளவு இருக்கு, பாருங்க." இலையை எடுத்தாள். கழுத்துவரை பழுப்புத் தண்ணீர். கொட்டாங்கச்சியில் மொண்டு நீட்டினாள். "குடிங்க. புதுசில்லையே, பழகின மருந்துதானே."

டாக்டர் முந்திக்கொண்டு விரலை நனைத்து நாக்கில் வைத்தார். முகம் கோணியது. துரையிடம் நாலு வார்த்தை சொன்னார். துரை சொன்னார்: "டாக்டர் சொல்றான், இது விஷம் இல்ல. பேதிக்கு நல்ல சாமான். டிரசர், நீ குடி."

மூர்த்தி குடித்தார். முன்னூறு பேர் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு கொட்டாங்கச்சி முழுக்கக் குடித்தார்.

"இப்பப் பாருங்க" என்று ராசம்மா பானையைத் திருப்பிக் காட்டினாள். "ஒரு கொட்டாங்கச்சி குடிச்சதுமே கழுத்து தெரியுது. அன்னிக்கு நீங்க தூக்கி அடிச்சப்ப கழுத்து தெரிஞ்சுதா? கங்காணியாரே, நீங்க சொல்லுங்க. நீங்கதான முன்னால நின்னீங்க."

வேலு கங்காணி வேட்டியை இழுத்து விட்டுக்கொண்டார். மூர்த்தியைப் பார்த்தார், துரையைப் பார்த்தார். வெள்ளத்தில் அவர் பெண்சாதி பிழைத்ததும் அந்தப் பின்வாசலில்தான்.

"என்னத்தைச் சொல்ல, புள்ள... முழங்கால்வரைக்கும் தெறிச்சுது. அந்த வேட்டியில கறை இன்னும் போகலை. குறைஞ்ச பானையில அவ்வளவு தெறிக்காதுதான்."

"டிரசரய்யா, இப்ப நீங்க."

மூர்த்தியின் உதடு அசைந்தது.

"சத்தமா. கடைசி ஆளுக்குக் கேக்கணும்."

"பானை நிறைய இருந்தது" என்றார் மூர்த்தி.

"யாரு குடிச்சாங்க?"

"யாரும் குடிக்கலை. ஐயாசாமி ஒரு மடக்குகூடக் குடிக்கலை. நான்... நான்தான் படியிலேருந்து எடுத்து உள்ள வச்சேன்."

"அஞ்சாம் நாளும் ஆறாம் நாளும் நீங்க எங்க இருந்தீங்க?"

மூர்த்தி கறுத்த கையை மறுபடி பைக்குள் விட்டார். ஆனால் டாக்டர் துரையிடம் அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு குறிப்புப் புத்தகத்தைத் திறந்தார். ராசம்மா பானையைத் தூக்கிக்கொண்டு போய் ஆஸ்பத்திரிப் படியில் வைத்துவிட்டு, உளியை எடுத்துக்கொண்டு மரம் சீவப் போனாள். அன்றைய பேரை வெட்டக் கணக்கு எழுதும் கிராணிக்குத் தைரியம் வரவில்லை.

அந்த மாசமே மூர்த்தியைக் குளுவாங் பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்கு மாற்றினார்கள். தோல் சட்டம் தானாகச் செத்தது. ராசம்மா ஆற்றோரம் ஒரு துண்டு நிலம் பிடித்து மங்குஸ்தான் கன்று நட்டாள். அது காய்க்கப் பத்து வருஷம் ஆகும் என்று பயமுறுத்தியவர்களிடம், "காத்திருக்கிறது எனக்கா சொல்லித் தரணும்?" என்றாள். சிகாமட்டிலிருந்தும் லாபிஸிலிருந்தும் தூளுக்கு ஆள் தேடி வந்தது. துரைமாரின் சமையல்காரர்கள்கூடப் பெண்சாதியோடு வந்து விழுந்து கும்பிட்டது உண்டு. அவள் தலைநிமிர்வுக்குச் சிகாமட்டே ஈடு கொடுக்காது.

அப்போதாவது விட்டாளா? இல்லை. ஆகஸ்டு மாசம் பிறந்தால் ஏழு தோலைத் துணியில் தைத்து, ரயில் நிலையத்தில் குளுவாங் போகும் ஆளைப் பிடித்துக் கொடுப்பாள். "டிரசர் மூர்த்தி வீட்டுப் படியில வச்சிரு தம்பி. ஒண்ணும் சொல்ல வேணாம். அவருக்குத் தெரியும்." ஒன்பது வருஷம் தவறவில்லை.

1936-இல் குளுவாங்கிலிருந்து ஒரு கடிதம் வந்தது. வேலு கங்காணி கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தார். எழுதியது மூர்த்தியின் சம்சாரம். போன மாசம் அவர் காலமாகிவிட்டார், இனி அனுப்ப வேண்டாம். வெள்ளத்துப் பேதியிலிருந்தே அவர் வயிறு சரியாகவே இல்லை, வருஷா வருஷம் நீங்கள் அனுப்பிய தோலைத் தகர டப்பாவில் போட்டு வைத்து, முடியாத நாளில் ஒவ்வொன்றாக இடித்துக் குடித்துக்கொண்டிருந்தார், ஆகஸ்டு வந்தால் வாசலைப் பார்ப்பார், உங்களுக்கு ரொம்ப நன்றி என்று எழுதியிருந்தது.

ராசம்மா வெற்றிலையை மெல்வதை நிறுத்தினாள்.

"அடப்பாவி! நெஞ்சு எரியட்டும்னு அனுப்பினதை வயித்துக்கு மருந்தாக் குடிச்சிருக்கானே!" முகம் சிவந்து போயிற்று. வேலு சிரிப்பை அடக்கக் கண்ணாடியைத் துடைத்தார்.

"போனது போச்சு, புள்ள. ஆளே போயாச்சு. ஆறுதலா நாலு வரி எழுதிப் போட்டுருவோமா?"

"எழுதுங்க."

வேலு காகிதத்தை எடுத்தார். "என்ன எழுத?"

"உங்க புள்ளைங்களுக்கு வயித்துப்போக்கு வந்தா ஆளு அனுப்புங்க, தூள் குடுத்து விடுறேன்னு எழுதுங்க." அவர் எழுதி முடிக்கும்வரை பொறுத்திருந்தாள். "அடுத்த வரி: பானை நிறைய இருந்துச்சுங்கறதை அவங்களுக்குச் சொல்லி வளத்துங்க."

வேலுவின் பேனா நின்றது. "எழவு வீட்டுக்கு இதையா எழுதுறது?"

"எழுதுங்க கங்காணியாரே. உங்க வேட்டிக் கறை போயிருச்சா?"

"இல்லை."

"அப்ப எழுதுங்க."

எழுதினார். இரண்டு தடவை சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். பிறகு விரலை மையில் தோய்த்து, அந்த இரண்டாவது வரிக்கு நேர் கீழே, அழுத்தி வைத்தாள்.